மழை நாளின் சுமை

விதி பதினொன்று, உட்பிரிவு இரண்டு. பயிற்சி பெறும் மாணவருக்கு வலி இருப்பதாக அவரோ பெற்றோரோ வாயால் சொன்னாலே போதும். பயிற்றுநர் அன்றே சுமையைக் குறைக்க வேண்டும், தேவைப்பட்டால் பயிற்சியை நிறுத்த வேண்டும். எழுத்தில் தர வேண்டியதில்லை. மேலிடத்தின் அனுமதி தேவையில்லை. பள்ளிகளுக்கான விளையாட்டு விதிமுறைகளில், சீருடையின் நிறத்தைச் சொல்லும் விதிக்கும் கோப்பைகளைத் திருப்பித் தரச் சொல்லும் விதிக்கும் நடுவில் இது இருந்தது.

நான் இதைப் படித்தபோது எனக்கு இருபத்தாறு வயது. அரசாங்க அலுவலகத்தில் சேர்ந்த புதிது. பழைய கோப்புகளில் எவற்றைக் கரையான் தின்றது, எவற்றை விட்டுவைத்தது என்று பட்டியல் போடும் வேலை. கரையான் விட்டுவைத்த ஒரு கோப்பில் இந்தப் பக்கம் கிடைத்தது. அலமாரிக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேசைக்குத் திரும்ப எவ்வளவு நேரமாயிற்று என்று நினைவில்லை. மேலதிகாரி மட்டும், "என்னாச்சு, பேய் அறைஞ்சிருச்சா?" என்று கேட்டது நினைவிருக்கிறது.

உங்களில் பலர் என்னைப் போல ஓய்வூதியக்காரர்கள். தோட்டத்தில் பிறந்து, பட்டணத்தில் நரைத்தவர்கள். ஆகையால் பால் கொட்டகை என்றால் என்ன, பெரட்டு என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. உங்கள் பேரப்பிள்ளைகள் இதைப் படித்தால் அவர்களுக்காக ஒரு வரி: ரப்பர் பாலை நிறுக்கும் இடம் பால் கொட்டகை, விடியுமுன் ஆள் கணக்கெடுப்பதுதான் பெரட்டு. அதற்கு வராதவனுக்கு அன்று வேலை இல்லை.

இதை எழுதத் தூண்டியது ஈப்போவில், சிலிபின் பகுதியில் என் வீட்டுக்கு எதிரே கடை வீட்டில் திறந்திருக்கும் உடற்பயிற்சிக் கூடம். கண்ணாடிச் சுவர். மாலையில் பெண்பிள்ளைகள் வந்து இரும்பைத் தூக்குகிறார்கள். பளுதூக்கும் போட்டிக்குப் போகிறவர்களாம். சொல்லித் தருபவளும் ஒரு தமிழ்ப்பெண், முப்பது வயது இருக்கும். ஒரு நாள் சுவரில் இருந்த வெள்ளைப் பலகையைப் பார்த்தேன். மூன்று வாரம் ஏறிக்கொண்டே போன எண்கள் நான்காவது வாரத்தில் பாதியாக இறங்கியிருந்தன. உள்ளே போய்க் கேட்டேன்.

"அது டீலோட் வீக், ஆன்ட்டி. மூணு வாரம் ஏத்துனா ஒரு வாரம் எறக்கணும். தூக்குறப்ப பலம் வராது லா. தூக்கிட்டு ஓய்வெடுக்கிறப்பதான் வரும்."

"ஒரு நாள் வராமப் போனா? மறுநாள் சேத்துச் செய்யச் சொல்லுவியா?"

அவள் சிரித்தாள். "ஐயோ, ஆளு செத்துரும் ஆன்ட்டி. போன நாள் போனதுதான்."

நான் வீட்டுக்கு வந்து தேநீர் போட்டேன். குடிக்கவில்லை.

எங்கள் தோட்டம் சுங்காய்க்கு உள்ளே இருந்தது. இப்போது அங்கே எண்ணெய்ச் செம்பனை. அப்போது ரப்பர். அம்மா மரம் வெட்டினாள், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்தாள். அப்பா ஆலையில் பாலை உறைய வைக்கும் தொட்டிகளில் வேலை செய்தார். அவர் மேலுக்குக் குளித்தாலும் துவைத்தாலும் போகாத புளித்த நெடி ஒன்று உண்டு. அக்கா சுங்காய் இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவம், பதினைந்து வயது. நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு.

அக்கா பெரிய உடம்புக்காரி. தோள் அகலம். விடுமுறை நாளில் அம்மாவோடு மரத்துக்குப் போனால் இரண்டு பால்வாளியையும் தோளில் தாங்கும் காண்டாக் கம்பில் மாட்டி, ஒரு சொட்டுச் சிந்தாமல் மேட்டிலிருந்து இறங்கி வருவாள். எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பையன்கள் "ஏய், லோரி வருது, ஒதுங்கு!" என்று கத்துவார்கள். அவள் வாளிகளை இறக்கி வைத்துவிட்டு, கத்தியவனைப் பிடித்துத் தூக்கி, பக்கத்துக் கால்வாயில் நிதானமாக இறக்கிவிட்டுப் போவாள். கோபமே இருக்காது.

பால் நிறுத்துக் கணக்கெழுதும் கிராணி அவளைக் கண்டுபிடித்தது, மரத்தில் காய்ந்த ரப்பரைத் திரட்டிக் கட்டிய ஒட்டுப்பால் மூட்டையால்தான். லோரியில் ஏற்ற இரண்டு ஆண்கள் திணறிய மூட்டையை அவள் ஒரு முழங்காலால் எம்பித் தூக்கி உள்ளே எறிந்தாள். கிராணி தராசை விட்டு வெளியே வந்தார்.

"ஏ புள்ள, இன்னொரு தடவ எறி."

"இன்னொண்ணு எறிஞ்சா உங்க கணக்குங்களா, எங்க கணக்குங்களா?"

கிராணி சிரித்தார் என்று அம்மா வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

அவர் கெட்டவர் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் நம்பமாட்டீர்கள். ஈப்போவில் ஒரு வாரப் பயிற்சி வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியிருந்தார். மாவட்டத்தில் இரும்புக் குண்டு எறியும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேறு ஆள் இல்லாததால் பள்ளிக்கூடம் அவரையே பயிற்றுநராக எழுதிக்கொண்டது. மாவட்டப் போட்டியில் அக்கா முதலாவது வந்தாள். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் ஈப்போவில் மாநிலத் தேர்வு. அதில் தகுதித் தூரத்தைத் தாண்டினால் விளையாட்டு விடுதியில் இடம். அங்கேயே தங்கி, அங்கேயே படிப்பு. தாண்டாவிட்டால் மூன்றாம் படிவத்தோடு முடிந்தது. அம்மாவுக்குப் பக்கத்து மர நிரையில் அவளுக்கும் ஒரு வெட்டுக்கத்தி காத்திருந்தது. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசியதில்லை.

பால் கொட்டகைக்குப் பின்னால் சிமெண்டுத் தரை. பால் வந்து, நிறுத்து, கழுவி, எல்லோரும் போன பிறகு நான்கு மணிக்குப் பயிற்சி. கிராணி ஆலையில் கழித்துப்போட்ட இரும்புத் தண்டு ஒன்றை எடுத்துவந்தார். காலிப் பெயின்ட் டின்களில் சிமெண்டு ஊற்றி எடைகள் செய்தார். ஒவ்வொரு டின்னையும் பால் தராசில் நிறுத்து, சிவப்புச் சாயத்தால் எடையை எழுதினார். தண்டு கழுத்தை அறுக்காமலிருக்க நடுவில் புகைபோட்ட ரப்பர் ஷீட்டைச் சுற்றிக் கம்பியால் கட்டினார். அந்த ஷீட்டின் வாசனை இரவில் அக்காவின் தலைமுடியில் இருக்கும். நான் அவள் பக்கத்தில் படுப்பேன். கருவாடும் தாரும் கலந்ததுபோல் ஒரு வாசனை. இப்போது எந்தக் கடையிலும் கிடைக்காது. கிடைத்தாலும் நான் வாங்கமாட்டேன்.

தகுதித் தூரத்தில் கிராணி ரப்பர் விதைகளை வரிசையாகப் பதித்து வைத்தார். நாங்கள் விளையாட அவற்றைத் தோண்டி எடுத்துவிடுவோம். மறுநாள் அவர் அளந்து மறுபடி பதிப்பார். ஒருநாளும் திட்டியதில்லை.

தண்டைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது ஒன்று. தோளில் வைத்தபடி இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து நிமிர்வது இன்னொன்று. அதற்கு ஆங்கிலத்தில் குட்மார்னிங் என்று பெயர். கிராணி அப்படியேதான் சொல்வார். வேலியில் தொற்றிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு அது போதும்.

"டேய், அக்கா தொரைக்கு குட்மார்னிங் சொல்றா டா!"

"இன்னும் குனி லா, தொரை பாக்கல!"

அக்காவும் குனிந்தபடியே, "குட்மார்னிங் தொரை" என்பாள். சுமையோடு சிரிப்பாள். நானும் சிரித்தேன்.

கிராணி தன் வீட்டுக் கோழி முட்டைகளில் தினமும் இரண்டைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவருவார். அவர் பிள்ளைகளுக்கு அந்த முட்டை கிடைக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஈப்போ வகுப்பில் அவருக்குத் தட்டச்சு செய்த ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். பன்னிரண்டு வாரத்துப் பட்டியல். கொட்டகைச் சுவரில் ஒட்டியிருந்தது. நான்காவது வாரத்திலும் எட்டாவது வாரத்திலும் எண்கள் பாதியாக இறங்கியிருந்தன. கிராணி அவற்றைச் சிவப்புப் பென்சிலால் அடித்து, ஏறுமுகமாகத் திருத்தி எழுதியிருந்தார். அப்பா ஒருமுறை அதைப் பார்த்துக் கேட்டார். "டைப்பிஸ்ட் தூங்கியிருக்கான்" என்றார் கிராணி. இருபது வருடம் பால் நிறுத்த மனிதர். போன மாதத்தைவிடக் குறைந்த எண் என்றால் அவருக்கு ஒன்று திருட்டு, இல்லை தவறு. மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

தீபாவளிக்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. மழை நாளில் மரம் வெட்டமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பட்டை நனைந்தால் பால் வழிந்து வீணாகும். பிறகு மழை விட்டதும் ஞாயிறு, பண்டிகை என்று பார்க்காமல் வெட்டி, விட்டுப்போன நாட்களை ஈடுகட்ட வேண்டும். தோட்டத்தில் அதுதான் நியாயம். மழை துரையின் தப்பல்ல, ஆனால் அதை ஆள்தான் சுமக்க வேண்டும்.

கிராணி பயிற்சிக்கும் அதே நியாயத்தைக் கொண்டுவந்தார். சிமெண்டுத் தரை நனைந்து வழுக்கினால் அன்று பயிற்சி இல்லை. மறுநாள் இரண்டு நாள் சேர்த்து. இரண்டு நாள் மழை என்றால் மூன்றாம் நாள் மூன்று நாள் சேர்த்து. அக்காவுக்கோ, அம்மாவுக்கோ, வேலியில் தொங்கிய எங்களுக்கோ இதில் ஒரு விபரீதமும் தெரியவில்லை. விட்டதைப் பிடித்துத்தானே ஆகவேண்டும்?

முதலில் அக்கா தரையில் விழுந்ததைக் குனிந்து எடுப்பதை விட்டாள். சீப்பு, பென்சில், சோப்பு எதுவாயிருந்தாலும் கால் விரலால் இடுக்கி, முழங்காலை மடக்கி, கைக்குக் கொண்டுவருவாள். எனக்கு அது வித்தையாகத் தெரிந்தது. நானும் பழகிப் பார்த்தேன். பிறகு பாயிலிருந்து எழும்போது முதலில் புரண்டு, நான்கு காலில் நின்று, சுவரைப் பிடித்து எழுந்தாள். அம்மா பார்த்தாள்.

"இடுப்பு வலிக்குதா?"

"வலிக்குதுன்னு நான் சொன்னேனா?"

"கேக்குறதுக்குப் பதில் சொல்லு."

"சும்மா இரும்மா. ரெண்டு மாசந்தான். அப்புறம் நீயே கூப்ட்டாலும் நான் ஈப்போலேருந்து வரமாட்டேன்."

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுபவரிடம் அம்மா கூட்டிப்போனாள். அவர் முதுகைத் தொட்டுப் பார்த்தார். ஓரிடத்தில் அழுத்தியதும் அக்கா பல்லைக் கடித்தாள். பச்சைத் தைலம் ஒரு புட்டி கொடுத்தார். ஓய்வெடுக்கச் சொல்லி ஒரு சீட்டு எழுதித் தரும்படி அம்மா கேட்டாள்.

"சீட்டு வேலையாளுக்குத்தாம்மா குடுக்கலாம். ஒம் பொண்ணு பேரு பெரட்டுல இல்லியே."

அதுவும் விதிப்படி சரி. நான் பிற்பாடு பார்த்தேன்.

அன்று மாலை அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். அப்பா வரவில்லை. தன் மேலாளாக இருக்கும் கிராணிக்கு முன்னால் நின்று அவர் பேசியதே கிடையாது. கிராணி தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா படிக்குக் கீழே நின்றாள்.

"ஐயா, புள்ளைக்கு இடுப்பு முடியல. ரெண்டு வாரம் விட்டுப் பிடிக்கலாங்களா?"

"அவ ஒண்ணும் சொல்லலியே."

"அவ சொல்லமாட்டா. ஐயா, மரத்தையே நாம நாள் விட்டு நாள்தானே வெட்டுறோம்? தெனம் வெட்டுனா பட்டை காஞ்சு பால் நின்னுரும்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

கிராணி துணியை மடித்தார். அந்தக் கேள்வி அவரைத் தொட்டது என்று இன்றும் நினைக்கிறேன். மடித்ததை விரித்து மறுபடி மடித்தார்.

"மரம் தொரையோடதும்மா. அதுக்கு நாள் விட்டு நாள்னு மேலேருந்து உத்தரவு இருக்கு. இதுக்கு எங்கிட்ட உத்தரவு இல்ல. நான் நெனச்ச மாதிரி லீவு குடுக்க முடியாது. எழுதிக் குடு. நாளைக்கே மேல அனுப்புறேன்."

விதி பதினொன்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். தெரிந்திருக்கலாம். சான்றிதழோடு அந்தப் புத்தகத்தையும் கொடுத்திருப்பார்கள். ஆனால் தோட்டத்தில் ஒரு கிராணி, தன் கையால், யாரையும் கேட்காமல், ஒருவருக்கு ஓய்வு கொடுப்பதா? அச்சிட்டுக் காட்டினாலும் அவர் அதை வேறு யாருக்கோ எழுதியது என்றுதான் படித்திருப்பார்.

கடிதம் மலாய் மொழியில் இருக்க வேண்டும். அம்மாவுக்கு எழுத்தே தெரியாது. அப்பாவுக்குத் தமிழ் மட்டும். அக்காவுக்கு நன்றாகத் தெரியும், ஆனால் எழுதமாட்டேன் என்றாள். "எனக்கு நானே குழி வெட்டிக்கணுமா?" என்றாள். ஆகவே நான் எழுதினேன்.

பதினொரு வயதில் எனக்கு அதைவிடப் பெரிய கௌரவம் வாய்த்ததில்லை. சாப்பாட்டு மேசை இல்லாததால் மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு எழுதினேன். மண்ணெண்ணெய் விளக்கை அப்பா எனக்காகத் திருப்பி வைத்தார். அம்மா சொல்லச் சொல்ல மலாயாக்கினேன். பள்ளிப் பாடநூலின் கடைசியில் மாதிரிக் கடிதங்கள் இருந்தன. அம்மா சொல்லி முடித்ததும் கடிதம் மிகச் சிறியதாக எனக்குத் தோன்றியது. நான்கு வரி. மாதிரிகளில் ஒன்று, ஓர் ஊழியர் இடமாற்றம் கேட்டு எழுதியது. அதன் இறுதியில் ஓர் அழகான வரி இருந்தது. பதில் வரும் வரை என் கடமையை வழக்கம்போல் முழு முயற்சியோடு செய்து வருவேன் என்ற பொருள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அக்காவுக்கு ஏற்றபடி மாற்றி, பதில் வரும் வரை அவள் வழக்கம்போல் பயிற்சிக்கு வருவாள் என்று சேர்த்தேன்.

அம்மாவுக்குத் தமிழில் சொன்னபோது அந்த வரியைச் சொன்னேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். சொல்லவில்லை. மறைக்கவில்லை. அது மரியாதைக்கான வரி, அதற்குப் பொருள் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் கிராணி கடிதத்தை இரண்டு முறை படித்தார். "நல்லா எழுதியிருக்கே பாப்பா. பெரிய ஆபீஸ்ல வேலை பாக்கலாம் நீ" என்றார். கடைசி வரியில் விரலை வைத்து, "இது முக்கியம். இது இல்லாட்டி அவ பேரை எடுத்துருவாங்க" என்றார். தன் பங்குக்கு ஒரு முகப்புக் கடிதம் இணைத்து அன்றே தலைமையாசிரியருக்கு அனுப்பினார். தலைமையாசிரியர் மூன்று நாளில் ஒப்பமிட்டு மாவட்டச் செயலாளருக்கு அனுப்பினார். யாரும் அதை மேசையில் தூங்கவிடவில்லை. பிறகு செயலாளர் அலுவலகத்தில் ஆண்டிறுதி விடுமுறை வந்தது.

அக்கா தினமும் நான்கு மணிக்குப் போனாள். அம்மா தினமும் கேட்டாள்.

"வந்துச்சா?"

"வரல."

"வர்ற வரைக்கும் போயிட்டு வா. பேரை வெட்டிருவாங்களாம்."

நவம்பர் கடைசியில் நான்கு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் காலை வெயில் அடித்தது. தலைவாரிக்கொண்டிருந்த அக்காவின் சீப்பு கீழே விழுந்தது. இடது கால் விரலால் எடுக்கப் பார்த்தாள். விரல் மடங்கவில்லை. சீப்பு நழுவியது. மறுபடி முயன்றாள், மறுபடி நழுவியது. நான் கைதட்டிச் சிரித்தேன். "வித்தை மறந்து போச்சா?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள், ஏதோ கடையில் மாற்றிக் கொடுத்துவிட்ட பொருளைப் பார்ப்பதுபோல.

மாலையில் கிராணி தாளைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

"நாலு நாள் விட்டுப் போச்சு. இன்னிக்கே முழுசும் வேணாம். இன்னிக்குப் பாதி, நாளைக்குப் பாதி. முடியுமா புள்ள?"

இதை அவர் கருணையோடுதான் சொன்னார். அதை நான் சாட்சியாகவே சொல்லமுடியும்.

"முடியும்" என்றாள் அக்கா.

உட்கார்ந்து எழுவது முடிந்தது. குட்மார்னிங் தொடங்கியது. வேலியில் பையன்கள் இருந்தார்கள், ஆனால் யாரும் கத்தவில்லை. அவள் குனியும்போதெல்லாம் வாயால் காற்றை விடும் சத்தம் மட்டும். பால் கழுவிய தரையில் அம்மோனியா நெடி. எத்தனையாவது முறை என்று நான் எண்ணவில்லை. குனிந்தாள். நிமிரவில்லை. தண்டு அவள் தலைக்கு மேல் உருண்டு முன்னால் விழுந்தது. ஒரு டின் உடைந்து சிமெண்டு தெறித்தது. அவள் முட்டியில் விழுந்து, பிறகு பக்கவாட்டில் சாய்ந்தாள். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

நான் ஓடிப்போய் அவள் காலைப் பிடித்தேன்.

"பாப்பா, என் காலைப் புடி டி" என்றாள்.

"புடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்கா."

"இல்ல. புடி."

கிராணி தரையில் மண்டியிட்டிருந்தார். அவர் மண்டியிட்டு நான் பார்த்ததில்லை. ஆலையிலிருந்து அப்பா ஓடிவந்தார், கையெல்லாம் உறைந்த பால். அப்பாவைப் பார்த்ததும் கிராணி ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். "அன்னிக்கே அனுப்பிட்டேன்யா. லெட்டரு, அன்னிக்கே அனுப்பிட்டேன்."

கதவுப் பலகை ஒன்றைக் கழற்றி, அதில் அக்காவைக் கிடத்தி, ஒட்டுப்பால் லோரியில் ஏற்றினார்கள். தாப்பா ஆஸ்பத்திரி. அங்கிருந்து அன்றிரவே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி. அவள் ஆசைப்பட்ட ஊருக்குப் போய்விட்டாள் என்று லயத்தில் ஒருத்தி சொன்னாள். வேண்டுமென்று சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்த ஆறுதல் அது.

முதுகெலும்பில் ஒரு கண்ணி வெகுநாளாகவே விரிசல் விட்டிருந்தது, அன்று அது முன்பக்கமாக நழுவி நரம்பை அழுத்திவிட்டது என்றார் மருத்துவர். எப்போதிலிருந்து வலி என்று கேட்டார். அம்மா, "லெட்டரு எழுதி ஒரு மாசமாச்சுங்க" என்றாள். மருத்துவருக்குப் புரியவில்லை. பெண்பிள்ளைகள் எடை தூக்கினால் இப்படித்தான் என்று அவரும் ஒரு தீர்ப்புச் சொன்னார். அவரையும் நான் அந்த வெள்ளைப் பலகைக்கு முன்னால் நிறுத்த விரும்புகிறேன். அவள் தூக்கியதால் கெடவில்லை. இறக்க விடாததால் கெட்டாள்.

அக்கா மார்பிலிருந்து இடுப்பு வரை மாவுக்கட்டில் கிடந்தாள். இடது பாதம் திரும்ப வரவேயில்லை. இன்றைக்கும் அதை இழுத்துத்தான் நடக்கிறாள். சிறுநீர் விஷயத்தில் அவள் பட்டதை இங்கே எழுதப்போவதில்லை. அதற்கு அவள் அனுமதி தரமாட்டாள். இருபது ஆண்டுகள் தையல் தைத்தாள். கல்யாணம் பேசி வந்தவர்கள் அவள் உட்கார்ந்திருந்தபோது சரி என்றார்கள், எழுந்து நடந்தபோது யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். இப்போது என்னோடு சிலிபினில் இருக்கிறாள்.

அந்தக் கடைசி வரியைப் பற்றி நான் அவளிடம் சொன்னது ஓய்வு பெற்ற பிறகுதான். முப்பத்து மூன்று ஆண்டுகள் பிறருக்குக் கடிதம் வரைந்து கொடுத்தேன். அந்த வகை வரி எதையும் ஒரு கடிதத்திலும் நான் விட்டுவைத்ததில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் எழுதிக்கொண்டு வந்தால் அடித்துவிடுவேன். ஏனென்று கேட்டால், தேவையற்றது என்பேன். அவளிடம் சொன்னபோது அவள் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வரி இல்லாட்டியும் நான் போயிருப்பேன் டி. எனக்கு ஈப்போ போகணும். நீ என்னமோ நீ எழுதித்தான் நான் போனேன்னு நெனச்சுக்கிட்டிருக்கே."

இது மன்னிப்பு அல்ல. தகவல். வாங்கி வைத்துக்கொண்டேன்.

பள்ளியிலிருந்து இருவர் வந்து விசாரித்தார்கள். கிராணி தன் தாள்களைக் காட்டினார். கடிதம், முகப்புக் கடிதம், அனுப்பிய நாள், கையெழுத்து, எல்லாம் ஒழுங்கு. தொடர்ந்து வருவாள் என்று பெற்றோரே எழுதியிருக்கிறார்களே என்று ஒருவர் சொன்னாராம். அதோடு விசாரணை முடிந்தது. கிராணி பிறகு யாருக்கும் பயிற்சி கொடுக்கவில்லை. இரும்புத் தண்டைக் கொட்டகைக் கூரைக்கு முட்டுக் கொடுத்துவிட்டார்கள். அவர் மட்டும் தினமும் இரண்டு முட்டையை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போவார். அம்மா தொடமாட்டாள். நாய்கள் தின்றன. ஒரு வாரம் கழித்து அம்மா எடுத்து அவித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். எங்கிருந்து வந்த முட்டை என்று அக்கா கேட்கவில்லை.

பொங்கல் வந்தது. ஈப்போவில் மாநிலத் தேர்வு நடந்து முடிந்தது. யார் எறிந்தார்கள், எவ்வளவு தூரம் என்று நாங்கள் விசாரிக்கவில்லை. தைப்பூசத்துக்கு அம்மா காவடிக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். அக்கா எழுந்து உட்கார்ந்தால் எடுப்பதாக. அவள் உட்காரவில்லை, அம்மாவும் எடுக்கவில்லை.

பூசம் கழிந்து சில நாளில், மாலை நான்கு மணி சுமாருக்குக் கிராணி வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். அப்பா வெளியே போகவில்லை. அம்மா உறையை வாங்கி என்னிடம் கொடுத்தாள்.

"படி."

மலாயில் ஒரு தாள். கீழே மாவட்டச் செயலாளரின் முத்திரை. விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது. மாணவிக்கு இரண்டு வாரம் பயிற்சியிலிருந்து ஓய்வு அளிக்கப்படுகிறது. ஓய்வு முடிந்ததும் அவர் மருத்துவச் சான்றிதழோடு பயிற்றுநரிடம் வரவேண்டும். தவறினால் பெயர் நீக்கப்படும்.

"என்ன போட்டிருக்கு?" என்றாள் அம்மா.

"சரின்னு போட்டிருக்கும்மா."

"என்ன சரி?"

"ரெண்டு வாரம் லீவு."

அம்மா என் முகத்தையே பார்த்தாள். கிராணி தலையைத் தூக்கவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மிகவும் தாழ்ந்த குரலில், கடிதம் கிடைத்ததாக ஒரு கையெழுத்து வேண்டும் என்றார். அம்மாவுக்குக் கையெழுத்துத் தெரியாது. ஆகவே நான்தான் போட்டேன். தேதியையும் போடச் சொன்னார். போட்டேன்.

பிப்ரவரி மூன்று.